தவிடா, புண்ணாக்கா, முந்திரித் தோலா: கொழுப்பைக் குறைக்க எதை வாங்கலாம்?

ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு எனப்படும் கொலஸ்ட்ரால்) 150 என்று வந்திருக்கும். "மூன்று மாதம் சாப்பாட்டைக் கவனியுங்கள், மாத்திரை பற்றி அப்புறம் யோசிப்போம்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருப்பார். கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்றால் அந்த மூன்று மாதத்துக்குள் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். பண்ருட்டியிலிருந்து முந்திரித் தோல் பொடி, செக்கு வைத்திருக்கும் சித்தப்பாவிடமிருந்து எள்ளுப் புண்ணாக்கு, மருந்துக் கடையில் திராட்சை விதை மாத்திரை, பல்பொருள் அங்காடியில் தவிட்டு எண்ணெய். எல்லாவற்றுக்கும் ஒரே சிபாரிசு: ஆன்டிஆக்சிடென்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) நிறைந்தது. எதை வாங்குவது என்று கேட்கும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

சரக்குக்கு இங்கே பஞ்சமில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி, விருத்தாசலம் பக்கம் நிலக்கடலையும் எள்ளும், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல். விதையை உடைக்கிற, உரிக்கிற, ஆட்டுகிற, தீட்டுகிற இடங்களிலெல்லாம் தோலும் தவிடும் சக்கையும் மலை மலையாகச் சேர்கின்றன. பூச்சியிடமிருந்தும் பூஞ்சாணத்திடமிருந்தும் விதையைக் காக்கும் பொருள்களைச் செடி பெரும்பாலும் மேலுறையில்தான் வைக்கிறது. ஆகவே கழிவில் ஆன்டிஆக்சிடென்ட் அதிகம் என்பது பொய்யல்ல. அதைச் சாப்பிட்டால் எல்.டி.எல். இறங்குமா என்பதுதான் வேறு வழக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எல்.டி.எல். குறைந்ததா? எலிக்குக் குறைந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எலியின் கொழுப்புக் கணக்கே வேறு. குறைந்தது என்றால் எந்தப் பொருளால் குறைந்தது? அந்தப் பொட்டலம் மனிதன் தின்பதற்கென்று தயாரானதா, மாட்டுக்கும் உரத்துக்கும் என்று ஒதுக்கியதா? பயன் தெரிய ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும், அதனால் கலோரி எவ்வளவு ஏறும்? ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதுமா?

விலையை நான் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. வேலை செய்யாத பொருள் சும்மா கிடைத்தாலும் நட்டம்தான். அதை நம்பிக் கழிந்த மாதங்கள் திரும்பி வராது.

## ஆன்டிஆக்சிடென்ட் அளவு ஏன் பட்டியலில் இல்லை

ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்த எல்.டி.எல். துகள் அங்கே ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான் அடைப்பு உருவாகிறது என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. அப்படியானால் ஆன்டிஆக்சிடென்ட் கொடுத்தால் அடைப்பு குறைய வேண்டும் அல்லவா? நியாயமான யோசனைதான். கொடுத்தும் பார்த்துவிட்டார்கள்.

இயற்கையான வைட்டமின் ஈ பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சோயா போன்ற விதை எண்ணெய்களைச் சுத்திகரிக்கும்போது, வாடை போக்கும் கட்டத்தில் ஆவியாகிப் பிரியும் கழிவிலிருந்துதான். விதைக் கழிவு ஆன்டிஆக்சிடென்டுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. ஹோப் என்ற பெரிய ஆய்வில், இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 9,541 பேரில் ஒரு பாதிக்கு அந்த வைட்டமின் ஈயை நாள்தோறும் 400 அலகு வீதம் நாலரை ஆண்டுகள் கொடுத்தார்கள். 2000இல் முடிவு வந்தது: மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. 2002இல் பிரிட்டனில் 20,536 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு இன்னும் பளிச்சென்று இருந்தது. அதே கூட்டத்தில் சிலருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கலவை; சிலருக்கு எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் பெரிய இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. வைட்டமின் கலவையால் ஒரு பயனும் இல்லை.

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. அதே சுத்திகரிப்புக் கழிவில் தாவர ஸ்டெரால் என்ற பொருளும் இருக்கிறது. குடலில் கொழுப்பு உறிஞ்சப்படும் இடத்தில் முண்டியடித்துக்கொண்டு நிற்பது இதன் குணம். நாளொன்றுக்கு 2 கிராம் சாப்பாட்டில் சேர்ந்தால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஒரே கழிவு, அதில் இரண்டு பொருள்கள். பெயர் வாங்கியது ஒன்று, வேலை செய்வது இன்னொன்று. கீழே வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்: ஸ்டெரால், கரையும் நார்ச்சத்து, நல்ல கொழுப்பு அமிலங்கள் இவற்றில் ஏதாவது இருக்கிறதா?

| பொருள் | மனிதர்களிடம் எல்.டி.எல். | உள்ளே இருக்கும் முக்கியப் பொருள் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| தவிட்டு எண்ணெய் | சுமார் 7 மி.கி. குறையும் | ஸ்டெரால், ஒரைசனால், கொழுப்பு அமிலம் | சுத்திகரிப்பில் ஒரைசனால் போய்விடலாம் |
| எள், எள்ளுப் புண்ணாக்கு | முடிவுகள் முரண் | லிக்னன், நார்ச்சத்து, எண்ணெய் | கலோரி, கருப்பட்டி, ஆக்சலேட் |
| முந்திரித் தோல் பொடி | நம்பும்படியான சான்று இல்லை | டானின், கேட்டச்சின் | ஓட்டு எண்ணெய், இரும்புச்சத்து இழப்பு |
| நிலக்கடலை, தோலோடு | குறையும், கைப்பிடி கணக்கில் | கொழுப்பு அமிலம், ஸ்டெரால், நார் | புண்ணாக்கு என்றால் அஃப்லடாக்சின் |
| திராட்சை விதை மாத்திரை | மிகச் சிறிது அல்லது இல்லை | புரோஆந்தோசயனிடின் (ஒரு வகை ஆன்டிஆக்சிடென்ட்) | விலை |
| இசப்கோல் உமி | 5 முதல் 10 சதவீதம் | கரையும் நார்ச்சத்து | தண்ணீர், மாத்திரை நேரம் |

## தவிட்டு எண்ணெய்

நெல்லில் உமி நீங்கிய பிறகு அரிசியைத் தீட்டும்போது உதிர்வதுதான் தவிடு. நெல்லின் எடையில் 8 முதல் 10 சதவீதம் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எண்ணெய். ஆலையிலிருந்து அப்போதுதான் விழுந்த தவிட்டை மோந்து பார்த்தால் லேசான இனிப்பு வாடை. பச்சரிசித் தவிடு என்றால் ஒரு நாள் கழித்து மோந்து பாருங்கள், காறல் தொடங்கியிருக்கும். தவிட்டிலேயே உள்ள லிபேஸ் என்ற நொதி, தீட்டிய மணிநேரங்களிலேயே எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடுகிறது. புழுங்கல் நெல்லை அவிக்கும்போது இந்த நொதி செத்துவிடுவதால், நம் பக்கத்து ஆலைத் தவிட்டுக்கு ஆயுள் சற்று அதிகம். என்றாலும் கோணிப் பையில் கட்டி வைத்த மாட்டுத் தவிட்டை சலித்துக் கஞ்சியில் போட்டுக் குடிக்கும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். நெல் உறிஞ்சிய ஆர்செனிக் அதிகம் தங்குவதும் தவிட்டில்தான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தவிட்டின் நார்ச்சத்தால் கொழுப்பு குறைகிறதா, எண்ணெயால் குறைகிறதா என்று அமெரிக்காவில் பிரித்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், எண்ணெய் நீக்கிய தவிட்டைச் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு குறையவில்லை. எண்ணெய் சேர்த்துக்கொண்டபோது எல்.டி.எல். 7 சதவீதம் இறங்கியது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2016ஆம் ஆண்டு அலசலிலும் எல்.டி.எல். சராசரியாக 7 மி.கி. அளவுக்குக் குறைந்திருந்தது. தவிட்டைத் தின்ன வேண்டாம், எண்ணெயாக வாங்கினால் போதும்.

விளம்பரங்களில் முழங்கும் ஒரைசனால் உண்மையில் ஒரு கலப்பினம். ஆன்டிஆக்சிடென்டான ஃபெரூலிக் அமிலமும் தாவர ஸ்டெரால் வகைகளும் பிணைந்த பொருள் அது. எண்ணெயைக் காரம் (அல்கலி) சேர்த்துச் சுத்திகரித்தால் ஒரைசனாலின் பெரும்பகுதி சோப்புக் கசடோடு போய்விடும். மருந்துக்கான ஒரைசனாலை அந்தக் கசடிலிருந்தே எடுக்கிறார்கள். காரமின்றி, நீராவியால் சுத்திகரித்த எண்ணெயில் அது மிஞ்சும். ஆகவே சீட்டில் ஒரைசனால் அளவு எண்ணாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "ஒரைசனால் உள்ளது" என்ற வெறும் வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்று: பயன் யாருக்கு என்பது இப்போது எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரேஷன் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு; தவிட்டு எண்ணெயில் கால் பங்குக்கும் குறைவு. பாமாயிலிலிருந்து மாறுகிற வீட்டுக்கு இது நல்ல மாற்றம். ஏற்கெனவே நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று அளவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு லாபம் கொஞ்சம்தான். "நல்ல எண்ணெய்தானே" என்று தாராளமாக ஊற்றினால் அந்தக் கொஞ்சமும் கரைந்துவிடும்.

## எள்ளும் எள்ளுப் புண்ணாக்கும்

எள்ளில் செசமின், செசமோலின் என்ற லிக்னன்கள் (ஒரு வகை ஆன்டிஆக்சிடென்ட்) உண்டு. நல்லெண்ணெய் எளிதில் கெடாமல் இருப்பதற்கு இவற்றின் குடும்பம்தான் காரணம். இவை எண்ணெயோடு போய்விடும். நீரில் கரையும் செசமினால் குளுகோசைடுகள் புண்ணாக்கில் தங்கிவிடும். மரச்செக்குப் புண்ணாக்கில் கணிசமான எண்ணெயும் எஞ்சியிருப்பதால் அது வெறும் சக்கை அல்ல. செக்கடியில் சுடச்சுடப் புண்ணாக்கை எடுத்துத் தின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

மனிதர்களிடம் பலன் என்ன? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாள்தோறும் 50 கிராம் எள்ளுப் பொடி ஐந்து வாரம் கொடுத்த 2006ஆம் ஆண்டு ஆய்வில் எல்.டி.எல். 10 சதவீதம் குறைந்தது. 2009இல் உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு 25 கிராம் எள் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 50 கிராம் எள் என்பது ஐந்தாறு மேசைக்கரண்டி, 280 கலோரிக்கு மேல். இட்லிப் பொடியில் தூவுகிற எள் அந்தக் கணக்கில் வராது. அவ்வளவு எள்ளைச் சாப்பிட்டு வேறு எதையும் குறைக்காமல் இருந்தால், எல்.டி.எல். இறங்குவதற்குள் இடுப்பு ஏறிவிடும்.

புண்ணாக்குக்கு வந்தால் சர்க்கரை நோயாளிகள் நிதானிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எள் ஆட்டும்போது செக்கில் கருப்பட்டி சேர்ப்பது நம் வழக்கம். இனிப்பு எண்ணெயில் கரையாது. அவ்வளவும் புண்ணாக்கில்தான் தங்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு எள்ளின் தோலில் உள்ள ஆக்சலேட் ஆகாது. கரைப்பானால் எண்ணெய் எடுத்த ஆலைப் புண்ணாக்கு கால்நடைக்கானது. அதில் மண்ணும் சாக்கு நாரும் கலந்திருந்தால் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

தெரிந்த செக்கில், உங்கள் கண் முன் சலித்த எள்ளை ஆட்டுகிறார்கள், சர்க்கரை நோய் இல்லை, மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு துண்டு கடிக்க ஏதாவது வேண்டும் என்றால் புண்ணாக்கு நல்ல தேர்வுதான். அது மருந்து அல்ல, பலகாரம்.

## முந்திரித் தோல் பொடி

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகைகளில் கொட்டையை அவித்தோ வறுத்தோ உடைத்து, பருப்பைச் சூட்டில் உலர்த்தி, அதன் மேல் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் தோலைப் பெண்கள் விரலாலும் சிறு கத்தியாலும் உரித்தெடுப்பார்கள். மின்விசிறிக் காற்றில் அந்தத் தோல் தரையெங்கும் செதில் செதிலாகப் பறக்கும். நாவில் வைத்தால் துவர்ப்பு சுருக்கென்று பிடிக்கும். கேட்டச்சின், எபிகேட்டச்சின், டானின் என்ற ஆன்டிஆக்சிடென்டுகள் எல்லாம் அந்தத் துவர்ப்பில் இருக்கின்றன. காலங்காலமாக இது தோல் பதனிடும் தொழிலுக்குப் போகிறது. டானினுக்குப் புரதத்தைப் பிடித்து இறுக்கும் குணம் உண்டு என்பதால்.

ஆன்டிஆக்சிடென்ட் அளவு மட்டும் பார்த்தால் முந்திரித் தோலுக்குப் பரிசே கொடுக்கலாம். எல்.டி.எல். என்ற பரீட்சையிலோ அது உட்காரவே இல்லை. மனிதர்களுக்குக் கொடுத்துக் கொழுப்பு குறைந்ததாகக் காட்டும் நம்பகமான சான்று இல்லாமலேயே பொடி பாட்டிலுக்கு வந்துவிட்டது.

ஆபத்துப் பக்கம் மட்டும் கனமானது. முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. அது நம் தோலில் பட்டால் வெந்துவிடும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொள்வதும், அப்படியும் விரல் நுனி கறுத்து உரிவதும் அதனால்தான். உடைக்கும்போது அந்த எண்ணெய் பருப்பின் தோலிலும் தெறிக்கும். பருப்பை நாம் தோல் நீக்கித்தான் தின்கிறோம். பொடி வாங்குபவர் அந்தத் தோலையே தின்கிறார். டானின் இரும்புச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும் என்பதும் உண்டு. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இதைத் தொடவே வேண்டாம்.

இதே முந்திரியின் பருப்பைப் பற்றி நல்ல ஆய்வு இருக்கிறது, அதுவும் சென்னையில். 2018இல் வெளியான அதில் சர்க்கரை நோயாளிகள் 300 பேரில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் முந்திரிப் பருப்பை 12 வாரம் கொடுத்தார்கள். நல்ல கொழுப்பு சற்றுக் கூடியது, மேல் ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது, எல்.டி.எல். மாறவில்லை. தானே புயல் 2011 டிசம்பரில் சாய்த்துவிட்டுப் போன தோப்புகளை மறுபடி வளர்த்தெடுத்த விவசாயிக்கு நான்கு காசு கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று உங்களுக்கு எண்ணமிருந்தால் பருப்பை வாங்குங்கள். தோல் பொடி வேண்டாம்.

## நிலக்கடலை

இது கொஞ்சம்தான் சொல்ல வேண்டியது. நிலக்கடலையின் சிவப்புத் தோலில் நல்ல பொருள்கள் இருக்கின்றன என்றால், தோலைத் தனியாக வாங்குவானேன்? வேகவைத்தோ வறுத்தோ தோலோடு தின்றால் முடிந்தது. கொட்டை வகைகளைச் சாப்பிட்ட 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாளுக்குச் சராசரி 67 கிராமுக்கு எல்.டி.எல். 7 சதவீதம் குறைந்திருந்தது. அதில் பாதி, அதாவது ஒரு கைப்பிடி, நம் வீடுகளுக்கு நடைமுறையில் சரிவரும்.

கடலைப் புண்ணாக்கை மட்டும் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சாண நஞ்சே உலகுக்குத் தெரியவந்தது. அவற்றுக்குப் போட்ட தீவனம் கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில்தான் தங்கும், வறுத்தாலும் முழுமையாகப் போகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் பக்கம் கடலை எப்படிக் கறுக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## திராட்சை விதை மாத்திரை

ஒயின், பழரச ஆலைகளின் கழிவிலிருந்து வருவது. 2011இல் வெளியான தொகுப்பாய்வு ரத்த அழுத்தம் ஒன்றரைப் புள்ளி அளவுக்குக் குறைவதாகவும், கொழுப்பில் மாற்றமில்லை என்றும் சொன்னது. பிந்தைய தொகுப்புகளில் சிறு குறைவு தெரிகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு, அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்குக் கொய்யாவும் சுண்டலும் வாங்கலாம்.

## இசப்கோல் உமி

இதில் ஆன்டிஆக்சிடென்ட் விளம்பரமே கிடையாது. பெரும்பாலும் குஜராத், ராஜஸ்தானில் விளைந்து, விதையிலிருந்து உமியாகப் பிரித்து வருகிறது. நம் ஊரில் மலச்சிக்கலுக்கு மட்டும் பெயர் பெற்றது. ஆனால் மனிதச் சான்று மிகத் தெளிவாக இருப்பது இதற்குத்தான். நாளுக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து இதிலிருந்து கிடைத்தால் இதய நோய் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று சீட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்துத் துறை 1998இல் அனுமதித்தது. குடலில் பித்த உப்புகளைக் கூழாகப் பிடித்து வெளியேற்றிவிடுவதால், புதிய பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்கிறது.

ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு வேண்டாம். தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் வாரம் வயிறு உப்பும். சர்க்கரை கலந்த, ஆரஞ்சு மணக்கும் டப்பாவைத் தவிர்த்து வெறும் உமியாக வாங்குங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், எல்.டி.எல். 190க்கு மேல் உள்ளவர் என்றால் இந்த ஒப்பீடே உங்களுக்கானது அல்ல. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கும் இதே பதில்தான். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மாத்திரை எல்.டி.எல்.-ஐ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். மேலே சொன்னவற்றில் எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஜிப்மரிலோ மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், "இயற்கையானது" என்று பொடிக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாறாதீர்கள்.

130க்கும் 160க்கும் இடையில் நிற்கிறது, வேறு நோய் இல்லை, மருத்துவரும் அவகாசம் கொடுத்திருக்கிறார் என்றால் நான் இசப்கோலையும் எண்ணெய் மாற்றத்தையும் முன்னால் வைப்பேன். பாமாயிலில் சமைக்கும் வீடு தவிட்டு எண்ணெய்க்கு மாறட்டும். மாலைப் பலகாரத்துக்குத் தோலோடு வேகவைத்த கடலை. உமி குடிக்கப் பிடிக்காதவர்கள் ஓட்ஸ், கொண்டைக்கடலை, வெண்டைக்காய் என்று கரையும் நார்ச்சத்தை வேறு வழியில் சேர்க்கலாம். எள்ளுப் புண்ணாக்கு விருப்பம்போல. முந்திரித் தோல் பொடிக்கும் திராட்சை விதைக்கும் என் பட்டியலில் இடமில்லை.

ஆரம்பித்த பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். எதையும் மாற்றாமலே எல்.டி.எல். பரிசோதனைக்குப் பரிசோதனை 5, 10 சதவீதம் ஏறி இறங்கக்கூடியது. ஒரு தடவை 150, மறு தடவை 143 என்று வந்தால் பொடிக்கு மாலை போட வேண்டாம், எண்ணெயைத் திட்டவும் வேண்டாம். இரண்டாவது பரிசோதனையிலும் 150ஐ ஒட்டியே நின்றால், மருத்துவரிடம் போகும்போது தாளோடு, சாப்பிட்டுப் பார்த்த பொட்டலங்களின் சீட்டையும் எடுத்துப் போங்கள். எந்தப் பொடி எந்த மாத்திரையோடு மோதும் என்று அவர் பார்ப்பதற்கு அது வேண்டியிருக்கும்.